நிலக்கரி ஊரில் காமாட்சியின் நிழல்

கோயில் உள்ள ஊராகப் பார்த்துக் குடியேற வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. கண்டம் விட்டுக் கண்டம் பெயர நேர்ந்தவர்களுக்கு அந்த நெறியைக் கைக்கொள்வது எளிதன்று. ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருப்பதில்லை. அத்தகையோர் வேறொரு வழியில் அந்த நெறியைக் காத்தார்கள். தாங்கள் ஒதுங்க இடம் கிடைத்த ஊரிலேயே கோயிலை எழுப்பினார்கள். ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ள ஹாம் என்னும் நகரம் அதற்குச் சான்றாக நிற்கிறது. அங்கே கோயில் கொண்டிருப்பவள் ஸ்ரீ காமாட்சி அம்பாள்.

ஆறுகள் கூடும் ஊர்

நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், ரூர் தொழிற்பகுதியின் கிழக்கு விளிம்பில் அமைந்திருக்கிறது ஹாம். 1226-ஆம் ஆண்டில் தோன்றிய பழைய ஊர். லிப்பே என்னும் ஆற்றோடு ஆஸே என்னும் சிற்றாறு கூடும் மூலையில் ஊர் அமைந்ததால், மூலை நிலம் என்ற பொருளில் அந்தப் பெயர் ஏற்பட்டது என்பர். இரண்டு நீர்கள் சேரும் இடத்தைக் கூடல் என்று போற்றும் தமிழர்களுக்கு, இந்த ஊரின் பிறப்பே பழக்கமானதாகத் தோன்றும். இன்று அங்கு வாழும் மக்கள் ஏறக்குறைய 1,80,000 பேர்.

ஹாம் ஒரு பெரிய ரயில் சந்திப்பும் ஆகும். பெர்லினிலிருந்து வரும் அதிவிரைவு ரயில்களில் பல, இந்த நிலையத்தில் இரண்டாகப் பிரிக்கப்படும். ஒரு பாதி டார்ட்மண்ட், எஸ்ஸன் வழியாகச் செல்லும். மறு பாதி ஹாகன், வூப்பர்டால் வழியாகச் செல்லும். திரும்பி வருகையில் இரண்டு பாதிகளும் அதே நிலையத்தில் மீண்டும் இணைக்கப்பட்டு, ஒரே வண்டியாகப் பெர்லினை நோக்கிப் புறப்படும். பிரிவதும் கூடுவதும் இந்த ஊரில் அன்றாடக் காட்சிகள்.

கரி தீர்ந்த பின்

ஒரு நூற்றாண்டுக் காலம் இந்த ஊருக்குச் சோறு போட்டது நிலக்கரி. ராட்போட், சாக்ஸன், ஹைன்ரிஷ் ராபர்ட் முதலிய சுரங்கங்கள் நகரைச் சுற்றி இயங்கின. ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மனிதர்கள் இறங்கிக் கரி வெட்டினார்கள். அந்த உழைப்பின் விலையும் பெரிது. 1908-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ராட்போட் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் சுமார் 350 தொழிலாளர்கள் மாண்டனர். சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் ஒருவரையொருவர் ‘க்ளுக் அவுஃப்’ என்று வாழ்த்திக்கொள்வார்கள். நல்லபடியாக மேலே வந்து சேர் என்னும் வேண்டுதல் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. அவர்களுக்குக் காவலாக விளங்கியவள் புனித பார்பரா. டிசம்பர் 4 அவளுக்குரிய நாள். இருளில் இறங்கும் மகனுக்கு ஒரு தாயின் துணை வேண்டும் என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

காலம் மாறியது. எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. வெளிநாட்டுக் கரி மலிவாகக் கிடைத்தது. சாக்ஸன் சுரங்கம் 1976-இல் மூடப்பட்டது. ராட்போட் 1990-இல் நின்றது. ஹாம் நகரின் கடைசிச் சுரங்கம் 2010 செப்டம்பர் 30-ஆம் நாள் ஓய்ந்தது. 2018 டிசம்பரில் பாட்ராப் என்னும் ஊரில் இருந்த சுரங்கம் மூடப்பட்டதோடு, ஜெர்மனியில் ஆழ்சுரங்கக் கரி வெட்டும் தொழிலே முடிவுக்கு வந்தது.

தொழில் போன ஊரில் இளைஞர்கள் தங்குவதில்லை. அவர்கள் மியூனிக், ஃப்ராங்ஃபர்ட் முதலிய நகரங்களுக்குச் செல்கிறார்கள். வீடுகள் எஞ்சுகின்றன. ஆகவேதான் ஹாம் போன்ற ஊர்களில் வீட்டு வாடகை, மியூனிக்கில் கேட்பதில் பாதிக்கும் குறைவாக இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில், சிறு தோட்டத்தோடு கூடிய வரிசை வீடுகளை நடுத்தர வருவாய் உள்ளவர்களும் கடன் பெற்று வாங்க முடிந்தது. ஊர் மலிவாக இருப்பதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது என்பதை அங்கே குடியேறியவர்கள் மறப்பதில்லை. ஒருவருடைய வாழ்வு கலைந்த இடத்தில்தான் இன்னொருவருடைய வாழ்வு ஊன்றியது.

கலைந்த இடத்தையும் அழகாக்கத் தெரிந்தவர்கள் ஹாம் மக்கள். மேக்ஸிமிலியன் என்ற சுரங்கத்தில் 1914-ஆம் ஆண்டில் வெள்ளம் புகுந்தது; அதன் பிறகு அந்தச் சுரங்கம் தலையெடுக்கவே இல்லை. பல்லாண்டுகள் காடாகக் கிடந்த அந்த நிலத்தை 1984-இல் மாநில மலர்க் கண்காட்சிக்காகப் பூங்காவாக மாற்றினார்கள். கரி கழுவும் கூடமாக இருந்த உயரமான கட்டடத்தை, ஹார்ஸ்ட் ரெல்லெக்கே என்னும் கலைஞர் கண்ணாடி யானையாக வடிவமைத்தார். ஏறத்தாழ 35 மீட்டர் உயரம் கொண்ட அந்த யானையின் உள்ளே சென்று தலைப்பகுதி வரை ஏறலாம். கட்டியவர்களுக்குப் பிள்ளையாரைப் பற்றிய எண்ணம் இருந்திருக்காது. ஆனால் காமாட்சி வந்து அமர்வதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் ஓர் ஆனைமுகம் எழுந்து நின்றது என்று சொல்லி மகிழும் அடியார்கள் உண்டு.

அடைக்கலம்

1983-ஆம் ஆண்டின் கலவரங்களுக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் உயிர் பிழைக்க நாடு நாடாகச் சென்றனர். அக்காலத்தில் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்தது. கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்துவிட்டால், மேற்குப் பக்கத்தில் தடுத்து நிறுத்தும் எல்லைச் சோதனை இல்லை. 1980-களின் நடுப்பகுதி வரை அந்த வழியில் ஆயிரக்கணக்கானோர் வந்து அடைக்கலம் கோரினர். அரசு அவர்களைப் பல மாவட்டங்களுக்குப் பகிர்ந்து அனுப்பியது. முதல் ஆண்டுகளில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஒதுக்கப்பட்ட எல்லையைத் தாண்டிச் செல்வதற்கும் அனுமதி பெற வேண்டும். பின்னர் வேலை கிடைத்தபோது, உணவகங்களின் சமையற்கட்டுகளிலும் தொழிற்கூடங்களின் இரவுப் பணியிலும் உழைத்தனர். ஜெர்மனியில் வாழும் இலங்கைத் தமிழர்கள் சுமார் 60,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணித்தனர். அவர்களில் பலர் ரூர் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிலைகொண்டனர்.

யாழ்ப்பாணத்திலிருந்து 1985-இல் ஜெர்மனி வந்து சேர்ந்தவர் சிவஸ்ரீ ஆறுமுகம் பாஸ்கரக் குருக்கள். 1989-ஆம் ஆண்டில், ஹாம் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் அம்பாள் வழிபாடு தொடங்கியது. கரி வெட்டியவர்களின் ஊரில், அம்பாளும் முதலில் தரைக்குக் கீழேதான் எழுந்தருளினாள். கூட்டம் பெருகியது. 1993-இல் அம்பாள் முதன்முறையாகத் தெருவில் உலா வந்தாள். மேளமும் நாதஸ்வரமும் அந்தத் தெருக்களுக்குப் புதியவை. ஓசையும் வாகன நெரிசலும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாயின, முறையீடுகள் எழுந்தன. நகராட்சியும் அடியார்களும் கலந்து பேசியதன் பயனாக, ஊரின் கிழக்கு ஓரத்தில் யூன்ட்ராப் தொழிற்பேட்டையில் இடம் கிடைத்தது.

முதலில் சிலருக்கு மனக்குறை இருந்தது. கிடங்குகளுக்கும் ஆலைகளுக்கும் நடுவே, மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும் இடத்திலா அம்பாளுக்குக் கோயில் என்று வருந்தினார்கள். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு பெருஞ்சிறப்பு இருந்தது. அருகிலேயே டாட்டல்ன் ஹாம் கால்வாய் ஓடியது. தீர்த்தம் அமைந்த தலம் என்று தெரிந்ததும் மனக்குறை நீங்கியது.

2000-ஆம் ஆண்டில் திருப்பணி தொடங்கியது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் வரைபடம் வகுத்தார். இந்தியாவிலிருந்து வந்த சிற்பிகள் விமானங்களையும் சுதைச் சிற்பங்களையும் செய்தனர். 27 மீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் கொண்ட கோயில். வாயிலில் 17 மீட்டர் உயர ராஜகோபுரம். குளிர்நாடு என்பதால் சந்நிதிகள் அனைத்தும் ஒரே கூரையின் கீழ் அமைந்துள்ளன. 2002 ஜூலை 7-ஆம் நாள் மகா கும்பாபிஷேகம் நிறைவேறியது. அந்நாட்டில் மார்க் நாணயம் மறைந்து யூரோ புழக்கத்துக்கு வந்ததும் அதே 2002-ஆம் ஆண்டில்தான். மார்க்காகச் சேர்த்த காணிக்கையில் எழுந்த கோயிலுக்கு யூரோவில் அர்ச்சனைச் சீட்டு வழங்கப்பட்டது.

வைகாசித் தேர்

காஞ்சி மாநகரில் எத்தனையோ சிவாலயங்கள் இருந்தும், அம்மனுக்கெனத் தனிச் சந்நிதி அவற்றில் இல்லை. ஊர் முழுவதற்கும் காமாட்சி ஒருத்தியே அன்னை என்பது வழக்கு. ஹாமிலும் ஏறத்தாழ அதே நிலைதான். ஐரோப்பிய மண்ணில் சிதறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவள் பொதுத் தாயாக விளங்குகிறாள். பிள்ளையார், முருகன், சிவபெருமான், நவக்கிரகங்கள் ஆகியோரும் அவளைச் சூழ்ந்து கோயில் கொண்டுள்ளனர்.

ஆண்டுப் பெருவிழா மே, ஜூன் மாதங்களை ஒட்டி நடைபெறுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் தேர். ஜெர்மனி முழுவதிலுமிருந்தும் நெதர்லாந்து, ஃப்ரான்ஸ், சுவிட்சர்லாந்து முதலிய அண்டை நாடுகளிலிருந்தும் 15,000 முதல் 20,000 பேர் வரை கூடுகின்றனர். காவடி எடுப்போர், தேரின் பின்னே தார்ச்சாலையில் அங்கப்பிரதட்சிணம் செய்வோர், கற்பூரச் சட்டி ஏந்தும் பெண்கள், வடம் பிடிக்கும் இளைஞர்கள் என்று தொழிற்பேட்டையின் தெருக்கள் ரதவீதிகளாக மாறுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளும் ஆலைகளும் அடைத்திருப்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே வாரத்தின் மற்ற நாள்களில் சரக்கு வண்டிகள் ஓடும் சாலையை, அன்று அம்பாளுக்கு முழுமையாக விட்டுக்கொடுக்க முடிகிறது. ஊர்க் காவலர்கள் போக்குவரத்தைத் திருப்பிவிடுகின்றனர். நகரின் ஜெர்மானிய மக்களும் குடும்பத்தோடு வந்து பார்க்கின்றனர்.

தேருக்கு மறுநாள் தீர்த்தம். அம்பாள் கால்வாய்க் கரைக்கு எழுந்தருளுகிறாள். 47 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய், கரி ஏற்றிய படகுகள் செல்வதற்காக வெட்டப்பட்டது. 1914-இல் ஹாம் வரை படகுப் போக்குவரத்து தொடங்கியது. வாணிகத்துக்காக வெட்டிய நீர்வழி, மந்திரம் ஓதி ஆவாகனம் செய்ததும் கங்கையாகிறது.

முதியோரின் அன்றாடம்

இத்தகைய ஊரில் வயது முதிர்ந்தவர்களின் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புவோர் பலர். பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் அந்நாடுகளில் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் தங்குவதற்கான விசா பெறலாம். அதற்கு 30,000 யூரோ வரை ஈடுசெய்யும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஓய்வூதியம் பெறுவோர் நவம்பர் மாதத்தில் வெளிநாட்டில் இருக்க நேர்ந்தால், ஆயுள் சான்று அளிக்கும் முறையைப் புறப்படுமுன்னரே வங்கியில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் இறங்குவோர் ரயிலேறி ஹாம் வந்து சேரலாம். கோயில் நகர மையத்தில் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து பேருந்திலோ காரிலோ யூன்ட்ராப் செல்ல வேண்டும்.

காலக்கணக்கு ஒரு புதிர். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும். டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் உதயம். மாலை நாலே காலுக்கெல்லாம் இருட்டிவிடும். சந்தியா காலத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது பெரும் குழப்பம். திதியோ உலகெங்கும் ஒரே கணத்தில்தான் மாறும். ஆனால் சூரிய உதயம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆதலால் நம் ஊர் நாள்காட்டியில் உள்ள ஏகாதசி அங்கே ஒரு நாள் மாறி வரலாம். அவ்விடத்துக்கெனக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்த்தே விரதம் இருக்க வேண்டும்.

தமிழர் கடைகளில் வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். தொலைவிலிருந்து வருவதால் விலை சற்று அதிகம். வீட்டுத் தோட்டத்தில் கோடையில் வெண்டையும் மிளகாயும் காய்க்கும். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வைத்து, ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்குள் எடுத்துக்கொள்வார்கள். வேலிக்கு அப்பால் உள்ள ஜெர்மானிய முதியவர், சுரங்கத் தொழிலாளர்களின் பழைய வழக்கப்படி, பந்தயப் புறாக்களை வளர்த்துக்கொண்டிருப்பார். நண்பகலிலும் இரவிலும் ஓசை எழுப்பலாகாது, குப்பையை வகை பிரித்துப் போட வேண்டும் என்னும் ஒழுங்குகள் பழகிவிட்டால், அமைதியான வாழ்க்கை. கடினமானது தனிமை ஒன்றுதான்.

கணக்கு நோட்டு

அந்தத் தனிமையை அறிந்தவர் ஒரு மூதாட்டி. யாழ்ப்பாணத்தின் இணுவிலைச் சேர்ந்தவர். கணவர் 1984-இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, ஹாம் பகுதிக்கு அனுப்பப்பட்டவர். நான்கு ஆண்டுகள் கழித்து அந்த அம்மாள் வந்து சேர்ந்தார். கணவருக்கு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. பிறகு அதே உணவகத்தில் சமையல். இருவரும் சேர்ந்து, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு சிறு வீட்டைக் கடன் பெற்று வாங்கினர். ஒரே மகள் படித்து, மியூனிக் நகரில் நல்ல வேலையில் அமர்ந்தாள். ஏறத்தாழ ஆறு மணி நேர ரயில் தொலைவு.

சில ஆண்டுகளுக்கு முன் கணவர் காலமானார். அந்த மாநிலத்தின் அப்போதைய சட்டப்படி அஸ்தியை ஆற்றில் கரைக்கக் கூடாது. பொதுவாகக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும். ஆகவே உரிய ஆவணங்கள் பெற்று, அஸ்தியைச் சொந்த மண்ணுக்கு எடுத்துச் சென்று, கீரிமலைக் கடலில் கரைத்து வந்தனர். அதன்பின் அம்மாள் அந்த வீட்டில் தனியே இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் பேருந்தில் அம்பாள் கோயிலுக்குச் செல்வார். வீட்டில் காலையும் மாலையும் விளக்கு.

பக்கத்து வீட்டில் ஒரு ஜெர்மானிய மூதாட்டி. அவரும் கணவரை இழந்தவர். அவருடைய கணவர் ஹைன்ரிஷ் ராபர்ட் சுரங்கத்தில் கரி வெட்டியவர். இருவருக்கும் பொதுவான மொழி அதிகம் இல்லை. ஆனால் ஓர் ஏற்பாடு இருந்தது. சன்னலின் சுருள் கதவைக் காலை எட்டு மணிக்குள் உயர்த்திவிட வேண்டும். ஒன்பது மணிக்கும் உயராவிட்டால் மற்றவர் வந்து அழைப்பு மணியை அடிக்க வேண்டும்.

ஒரு தை மாதக் காலையில் தமிழ் அம்மாளின் சுருள் கதவு உயரவில்லை. அழைப்பு மணிக்கும் பதில் இல்லை. ஜெர்மானிய மூதாட்டி தம்மிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார். செங்குத்தான மாடிப்படியின் அடியில் அம்மாள் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். விடியற்காலையில் விளக்கேற்ற இறங்கியபோது கால் வழுக்கியிருக்கிறது. மூதாட்டி 112 என்ற எண்ணை அழைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை, தம் கம்பளிச் சட்டையை அவர்மேல் போர்த்தி, கையைப் பிடித்தபடி தரையில் அமர்ந்திருந்தார்.

மகள் அன்றே வந்துவிட்டாள். சிகிச்சை முடிந்து, தாய் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் பேச்சை எடுத்தாள்.

“அம்மா, இனித் தனிய இருக்க வேண்டாம். வீட்டை வித்துப்போட்டு என்னோட வாங்கோ.”

மகள் சொன்னதில் தவறில்லை. அவளுக்கு வேலையை விட்டு வர இயலாது. ஒவ்வோர் இரவும் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் அவள் நெஞ்சு பதைத்தது. தாய் மறுமொழி சொல்லாமல், பூஜை அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து மகளின் கையில் கொடுத்தார்.

கணவரின் கணக்கு நோட்டு அது. மாதம் ஒரு பக்கம். வாடகை, உணவு, ஊருக்கு அனுப்பியது, மகளின் படிப்பு என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி ‘அம்பாள்’ என்று தொடங்கியது. பெரும்பாலான மாதங்களில் 20 மார்க். திருப்பணி நடந்த ஆண்டுகளில் 50. வேலை போன ஒரு குளிர்காலத்தில், மற்ற வரிகள் எல்லாம் சுருங்கியிருந்தன. ஊருக்கு அனுப்பிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்த மாதங்களிலும் ‘அம்பாள்: 5’ என்று எழுதியிருந்தது. கும்பாபிஷேக மாதத்தில் மட்டும் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு சொற்கள்: ‘கடன் தீர்ந்தது.’

மகள் நெடுநேரம் பக்கங்களைப் புரட்டினாள். தான் பள்ளிக்குப் பழைய மேலங்கி அணிந்து சென்ற ஆண்டு எது என்று அவளுக்கு நினைவிருந்தது. அந்த ஆண்டின் பக்கத்தில் அவள் விரல் நின்றது. சிறுமியாக இருந்தபோது அதற்காகத் தந்தையிடம் கோபித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

“கோயிலுக்குக் குடுக்கேக்கை எனக்கு ஒரு கோட்டு வாங்கித் தந்திருக்கலாம்” என்றாள். குரலில் கோபமும் அழுகையும் கலந்திருந்தன.

தாய் அதை மறுக்கவில்லை. “ஓம் பிள்ளை, வாங்கியிருக்கலாம். அப்பாவுக்கும் அது மனசிலை கிடந்தது. ஆனா உன்னை ஆர் எண்டு கேட்டா, காட்டிறதுக்கு ஒரு கோபுரம் இருக்கவேணும் எண்டு சொல்லுவார். அவரின்ர சாம்பல் கீரிமலைக்குப் போட்டுது. உழைப்பு இஞ்சைதான் கிடக்கு. நான் அதை விட்டிட்டு எங்கை வாறது?”

அன்று முடிவு ஏற்படவில்லை. மகள் மியூனிக் திரும்பினாள். மூன்று வாரங்கள் கழித்து, ஒரு கோயில் வழக்கம்தான் இருவருக்கும் வழிகாட்டியது. மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. உற்சவரோ பருவத்துக்கு ஏற்பப் புறப்பட்டுச் சென்று, விழா முடிந்ததும் கோயிலுக்குத் திரும்புகிறார். அதுபோலவே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். கார்த்திகை முதல் மாசி வரை, பனியும் இருட்டும் மிகுந்த மாதங்களில், தாய் மகளின் வீட்டில் இருப்பார். பங்குனி பிறந்ததும் ஹாம் திரும்புவார். வீட்டை விற்பதில்லை. படுக்கையை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். படியின் இருபுறமும் கைப்பிடி பொருத்தினார்கள். தேர்த் திருவிழா வாரத்தில் மகள் விடுப்பு எடுத்து வந்துவிட வேண்டும் என்பது தாய் விதித்த ஒரே நிபந்தனை.

முதல் கார்த்திகையில் அம்மாள் புறப்பட்டபோது, பூஜை அறையின் குத்துவிளக்கைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வீட்டுச் சாவியும் கறிவேப்பிலைத் தொட்டியும் பக்கத்து வீட்டு மூதாட்டியின் பொறுப்பில் விடப்பட்டன. அவர் ரயில் நிலையம் வரை வந்து, “க்ளுக் அவுஃப்” என்று சொல்லி வழியனுப்பினார்.

அடுத்த வைகாசியில் தீர்த்த நாளன்று கால்வாய்க் கரையில் மூன்று பெண்கள் நின்றனர். தாய் ஊன்றுகோலுடன், அவரைத் தாங்கியபடி மகள், சற்றுத் தள்ளிக் குடையோடு ஜெர்மானிய மூதாட்டி. தம் கணவர் வெட்டிய கரி இந்த நீரில்தான் படகேறிப் போனது என்று அவர் மகளிடம் கூறினார். மகள் அதைத் தமிழில் தாய்க்குச் சொன்னாள். தாய் குனிந்து கால்வாய் நீரைக் கையில் அள்ளித் தம் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு மகளின் தலையிலும் தெளித்தார். ஒரு கணம் தயங்கி, ஜெர்மானிய மூதாட்டியின் முகத்தைப் பார்த்தார். அவர் குடையை மடக்கிவிட்டுத் தலையைத் தாழ்த்தினார்.

அம்பாள் நீராடி எழுந்தாள். மேளம் முழங்கியது.

கோயில் உள்ள ஊரைத் தேடிச் செல்வது ஒரு பேறு. சென்ற ஊரில் கோயிலைக் கண்டு, அதன் அருகிலே அயலாரையும் உறவாகப் பெறுவது அதனினும் பெரிய பேறு. ஐரோப்பியப் பயணம் வாய்க்கும் அன்பர்கள், பெருநகரங்களின் மாளிகைகளைப் பார்த்துத் திரும்பும் வழியில், ரயில்கள் பிரிந்து கூடும் அந்தச் சிறு நகரில் இறங்கி, அன்னை காமாட்சியைத் தரிசித்து வரலாம். பிள்ளைகளைத் தொலைவில் அனுப்பிவிட்டு இங்கே விளக்கேற்றிக் காத்திருக்கும் பெற்றோர் அனைவருக்கும் அவள் துணையிருப்பாளாக.